நியோ ஜியோ எம்விஎஸ் ஒற்றை ஸ்லாட் போர்டு: வாங்கலாம், பேட்டரி இருந்த இடத்தைப் பார்த்த பிறகு

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரங்களைச் சேகரிக்க இறங்குபவர்களின் கண் முதலில் போவது, திரையும் பொத்தான்களும் கொண்ட முழுப் பெட்டியான கேபினட்டின் மேல்தான். 29 அங்குலக் குழாய்த் திரையுள்ள ஜப்பானியக் கேபினட்டை வீட்டுக்குள் ஏற்ற நாலு ஆள் வேண்டும், அகலமான வாசல் வேண்டும். அது 100 வோல்ட்டில் ஓடுவதால் நம் ஊர் 230 வோல்ட்டை இறக்கித் தர டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். திரை பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. இந்தச் சுமை எதுவும் இல்லாமல் அசல் ஆர்கேட் வன்பொருளை மேசை மேலேயே வைத்து ஆட ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜப்பானின் எஸ்என்கே நிறுவனம் 1990இல் வெளியிட்ட நியோ ஜியோ எம்விஎஸ்தான் அது. அதிலும், ஆட்டம் பதிந்த கார்ட்ரிட்ஜ் ஒன்றை மட்டும் செருக இடமுள்ள ஒற்றை ஸ்லாட் போர்டு (சுற்றுப் பலகை). பழைய ஆர்கேட் பொருட்களில் முதன்முதலாக வாங்க இதைவிடத் தகுந்தது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. அந்தக் காலத்து ஆர்கேட் போர்டுகளில் பெரும்பாலானவை ஒரு போர்டு, ஒரு ஆட்டம் என்ற கணக்கில் வந்தவை. எம்விஎஸ் அப்படியல்ல; தாய்ப் போர்டு ஒன்று போதும், ஆட்டத்தை மாற்ற கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஆயிற்று. 2004இல் வந்த சாமுராய் ஷோடவுன் 5 ஸ்பெஷல் வரை இதற்கு அதிகாரபூர்வமாக ஆட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. 14 ஆண்டுகள் உயிரோடு இருந்த ஆர்கேட் வன்பொருள் மிக அரிது. உள்ளே 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டரோலா 68000 செயலி, ஒலிக்கென்று தனியாக ஒரு இசட்80 செயலி, யமஹா ஒய்எம்2610 ஒலிச் சிப் ஆகியவை இருக்கின்றன. வீட்டுக்கென்று வந்த ஏஇஎஸ் கன்சோலிலும் இதே பாகங்கள்தான், ஆட்ட நிரலும் அதேதான். அமெரிக்காவில் அதன் முழுத் தொகுப்பு 649.99 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் குறைவு என்பதால் இன்று ஏஇஎஸ் கார்ட்ரிட்ஜ்களின் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதே ஆட்டத்தின் எம்விஎஸ் கார்ட்ரிட்ஜ் அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும். இரண்டிலும் இணைப்பு முனைகளின் அமைப்பு வேறு. ஒன்றில் மற்றதைச் செருக முடியாது.

எந்த மாடல்?

எம்வி-1, எம்வி-1எஃப், எம்வி-1எஃப்இசட், எம்வி-1ஏ, எம்வி-1பி, எம்வி-1சி ஆகியவை எல்லாம் ஒற்றை ஸ்லாட் போர்டுகள். ஆட்டம் ஓடுவதில் வித்தியாசம் இல்லை. எம்வி-1சி தான் இருப்பதிலேயே சிறியது. அதனால் பெட்டிக்குள் அடக்கி கன்சோல் ஆக்குபவர்கள் அதையே தேடுகிறார்கள், விலையும் ஏறியிருக்கிறது. எம்வி-1பி, எம்வி-1சி இரண்டிலும் ஜாம்மா (ஆர்கேட் போர்டுகளின் பொது இணைப்பு முறை) முனையில் மோனோ ஒலிதான் வரும். ஸ்டீரியோ வேண்டுமானால் இரண்டு தடங்களும் கலக்கும் இடத்துக்கு முன்பாகவே கம்பி சால்டர் செய்து எடுக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் நிற்குமா படுக்குமா என்பதும் மாடலைப் பொறுத்தது. போர்டு கைக்கு வருவதற்கு முன் பெட்டி செய்யக் கொடுத்துவிடாதீர்கள்.

2, 4, 6 ஸ்லாட் போர்டுகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 4, 6 ஸ்லாட் வகைகள் மேலும் கீழுமாக இரண்டு பெரிய போர்டுகளை இணைப்பான்களால் கோத்தவை. அந்த இணைப்பான்களில் துரு ஏறினாலே படம் சிதறும். பழுது எங்கே என்று தேட வேண்டிய பரப்பும் அதிகம்.

பேட்டரிதான் எல்லாம்

பெரும்பாலான எம்விஎஸ் போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். வசூல் கணக்கு, அமைப்புகள், அதிகபட்சப் புள்ளிகள், கடிகாரம் ஆகியவற்றை மின்சாரம் இல்லாதபோது காப்பது அதன் வேலை. 30 ஆண்டுகள் தாண்டிய பேட்டரி கசியாமல் இருந்தால்தான் அதிசயம். கசிவது காரத் திரவம். அது செப்புத் தடங்களின் மேல் உள்ள பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போய் உள்ளிருந்தே அரிக்கும். மேலே பார்த்தால் ஒரு தடம் கொஞ்சம் கறுத்ததுபோல் தெரியும்; மல்டிமீட்டரில் வைத்தால் இரு முனைக்கும் தொடர்பே இருக்காது. இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு துளைகள்தான் முதலில் போகும். அதன் பிறகு பேட்டரிக்கு அருகிலுள்ள 74 வரிசை லாஜிக் சிப்புகளின் கால்கள்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் படம் பேட்டரி இருக்கும் இடத்தின் நெருக்கமான படம், போர்டின் இரு பக்கமும். 'பேட்டரி எடுத்தாயிற்று' என்று எழுதியிருந்தால் நல்லது, ஆனால் அது போதாது. எடுத்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடியோ, பச்சை பூத்த சால்டரோ, ஒளி மங்கிய சிப் கால்களோ தெரிகிறதா என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். உள்ளங்கை அகலத்துக்குக் கறை பரவியிருந்தால், சால்டர் கை தேர்ந்தவர் மட்டுமே, உதிரிப் போர்டின் விலைக்கு மட்டுமே வாங்க வேண்டும்.

கைக்கு வந்த போர்டில் பேட்டரி இன்னும் இருந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கறை பட்ட இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியால் தடவி, நுரைப்பது நிற்கும் வரை விடுங்கள். காரத்தைச் சமன்செய்வது அந்த அமிலம்தான். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவி, 99 சதவீத ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் ஊற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். வினிகரோடு நிறுத்திவிட்டால் அந்த அமிலமே அடுத்த அரிப்பைத் தொடங்கிவிடும். அதன் பிறகு கறைப் பகுதி வழியாக ஓடும் ஒவ்வொரு தடத்தையும் மீட்டரில் சோதித்து, அறுந்தவற்றை 30 கேஜ் மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும்.

பேட்டரியே இல்லாமல் போர்டு ஓடும். அமைப்புகளும் புள்ளிகளும் நிற்காது, அவ்வளவுதான். வேண்டும் என்பவர்கள் சிஆர்2032 வட்டப் பேட்டரியைத் தாங்கியோடு பொருத்துகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அசல் பேட்டரி ரீசார்ஜ் ஆகும் வகை என்பதால் போர்டு அதற்கு மின்னோட்டம் தந்துகொண்டே இருக்கும். சிஆர்2032 ரீசார்ஜ் ஆகாத லித்தியம். சார்ஜ் ஏறும் வழியைத் துண்டிக்காமல் அதை மாட்டினால் வீங்கும், வெடிக்கவும் கூடும். வழியைத் துண்டித்து, மின்னோட்டம் பேட்டரியிலிருந்து வெளியே மட்டும் போகும்படி ஒரு ஷாட்கி டயோடு போடுங்கள். சாதாரண டயோடில் 0.6 வோல்ட் அளவு குறையும், ஷாட்கியில் 0.3 அளவுதான். நினைவகச் சிப்புக்கு 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே தகவல் அழியாது என்பதால் மிச்சம் தாராளம்.

திரை சொல்லும் பழுது

மற்ற பழைய போர்டுகளோடு ஒப்பிட்டால் எம்விஎஸ்ஸின் பெரிய நற்குணம், பழுதைத் தானே சொல்லிவிடும். மின்சாரம் வந்ததும் தன்னைச் சோதித்து, குறை இருந்தால் திரையில் எழுதிக் காட்டி நின்றுவிடும்.

'கேலண்டர் எரர்' வந்தால் கடிகாரச் சிப்பான 4990ஏ, அதன் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டல், அவற்றுக்குப் போகும் தடங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் பேட்டரிக் கசிவின் வேலை. 'பேக்கப் ராம் எரர்' என்பதும் அதே குடும்பம். 'ஒர்க் ராம் எரர்' வந்தால் மூன்று எண்கள் தெரியும்: முகவரி, எழுதியது, படித்தது. எழுதியது 5555, படித்தது 5500 என்றால் வலப்பக்க இரண்டு இலக்கங்கள் தவறு. கீழ் பைட்டைத் தாங்கும் சிப்போ அதற்குப் போகும் தடமோ குற்றவாளி. இடப்பக்க இரண்டு இலக்கங்கள் தவறென்றால் மேல் பைட். இரண்டு நினைவகங்களிலும் 62256 வகைச் சிப்புகளே ஜோடி ஜோடியாக இருக்கின்றன. இன்றும் எளிதாகக் கிடைக்கும். 'இசட்80 எரர்' வந்தால் போர்டைத் திட்டுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் செருகுங்கள். ஒலி நிரல் கார்ட்ரிட்ஜில்தான் இருக்கிறது.

பயமுறுத்துவது இன்னொன்று. எழுத்து எதுவும் வராது. திரை நிறைய தாறுமாறான கட்டங்கள் மினுக்கும், ஸ்பீக்கரில் டிக், டிக் என்று ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். செயலி உறைந்துவிட்டது என்று நினைத்துக் காவல் சுற்று அதை ஏறத்தாழ 0.13 நொடிக்கு ஒருமுறை திரும்பத் தொடங்கவைக்கிறது. முதலில் போர்டின் மேலேயே 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். சரியாக இருந்தால், போர்டைத் தொடங்கிவைக்கும் நிரல் உள்ள பயோஸ் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, கால்களைச் சுத்தம் செய்து திரும்பச் செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால், சோதனைக்கென்றே எழுதப்பட்ட பயோஸை 27சி1024 ஈப்ராமில் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய சிப்) எழுதிப் போட்டால், வழக்கமான பயோஸ் சொல்லாத தகவலையும் அது சொல்லும்.

போர்டில் அமைப்புகளை மாற்றும் 8 சிறு டிப் சுவிட்சுகள் இருக்கும். 1ஆம் சுவிட்ச் அமைப்பு மெனு, 7ஆவது காசில்லா ஆட்டம், 8ஆவது ஆட்டத்தை அப்படியே உறையவைக்கும். படம் வந்து அசையாமல் நிற்கும் போர்டைப் பழுது என்று மலிவாக விற்பவர்கள் உண்டு. 8ஆம் சுவிட்சை முதலில் பாருங்கள்.

மின்சாரமும் இணைப்பும்

போர்டு பேசுவது ஜாம்மா: பக்கத்துக்கு 28 வீதம் 56 முனைகள், ஒவ்வொன்றுக்கும் 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. இதை வீட்டுத் திரையோடும் கட்டுப்பான்களோடும் இணைக்கும் சிறு பெட்டிக்கு சூப்பர் கன் என்று பெயர். வாங்கும்போது 4ஆவது பொத்தானுக்குக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். எம்விஎஸ்ஸில் அது இருபுறமும் 25ஆவது முனையில் வருகிறது. 3 பொத்தான்களுக்கு மட்டும் கம்பி போட்ட சூப்பர் கன்னில் சண்டை ஆட்டங்களின் பலத்த உதை வேலை செய்யாது.

7ஆவது முனையில் இருக்க வேண்டிய தடுப்புச் சாவி பல மலிவு இணைப்பான்களில் இல்லை. தலைகீழாகச் செருகினால் 6ஆவது முனையின் 12 வோல்ட் நேராக 23ஆவது முனைக்கு, அதாவது 2ஆவது பொத்தானின் வழிக்குப் போய் உள்ளீட்டுச் சிப்புகளைச் சுட்டுவிடும். இணைப்பானில் பாகங்கள் இருக்கும் பக்கம் எது என்று மார்க்கரால் பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

மின்வழங்கி 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தந்தால் ஒற்றை ஸ்லாட்டுக்குத் தாராளம். ஒலிப் பெருக்கிக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஜாம்மாவில் உள்ள மைனஸ் 5 வோல்ட் எம்விஎஸ்ஸுக்குத் தேவையில்லை. அளவை மின்வழங்கியின் முனையில் பார்க்கக் கூடாது; போர்டின் மேல், கார்ட்ரிட்ஜ் செருகி ஓடும்போது பார்க்க வேண்டும். மெல்லிய கம்பியில் கால் வோல்ட் காணாமல் போவது சாதாரணம். 5.0 முதல் 5.1 வரை வைத்துக்கொள்ளுங்கள். 4.75க்குக் கீழே போனால் படம் சிதறும், தானே திரும்பத் தொடங்கும்; பலர் அதைப் போர்டின் பழுது என்று நினைத்துச் சிப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

படத்தில் ஒரு சங்கடம் உண்டு. வெளியே வருவது 15.625 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் படச் சைகை), நொடிக்கு 59.18 படங்கள். இன்றைய டிவிகள் இதை நேரடியாக ஏற்காது. ஆர்கேட் மானிட்டருக்கென்று வரும் ஆர்ஜிபி அளவும் வீட்டுத் திரையின் 0.7 வோல்ட்டைவிட மிக அதிகம். அதைக் குறைக்கும் சுற்று சூப்பர் கன்னில் இருந்தே ஆக வேண்டும். படத்தை இன்றைய டிவிக்கு ஏற்ப மாற்றும் ஓஎஸ்எஸ்சி போன்ற வரிப்பெருக்கிகள் மூலத்தின் வேகத்தை அப்படியே டிவிக்கு அனுப்புவதால், 59.18ஐ ஏற்காத டிவிகளில் திரை அவ்வப்போது கறுத்துப் போகும். வேகத்தை 60க்கு மாற்றித் தரும் கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஓரிரு படங்கள் தாமதமாகலாம். கம்போனென்ட் உள்ளீடு உள்ள கடைசிக் காலக் குழாய் டிவி இன்னும் வீட்டில் இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்ஜிபியைக் கம்போனென்ட் ஆக்கும் சிறு பலகை ஒன்று போட்டால், இந்த ஆட்டங்கள் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரியும்.

ஜாம்மாவில் வரும் ஒலி பெருக்கப்பட்ட ஒலி. அதை டிவியின் ஒலி உள்ளீட்டில் நேராகக் கொடுத்தால் கரகரக்கும். ஸ்பீக்கருக்கு மட்டும் கொடுங்கள்.

பயோஸ் மாற்றம்

அசல் பயோஸுக்குப் பதிலாக யூனிவர்ஸ் பயோஸ் போட்டுக்கொள்வது வீண்செலவு அல்ல. வட்டாரத்தை ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று மாற்றலாம். மொழியும் சில ஆட்டங்களில் ரத்தத்தின் நிறமும்கூட அதைப் பொறுத்து மாறும். ஆர்கேட் நிலையிலிருந்து வீட்டுக் கன்சோல் நிலைக்கும் போகலாம், காசுப் பொத்தான் தேவைப்படாது. தொடங்கும்போது ஏ, பி, சி மூன்றையும் அழுத்திப் பிடித்தால் மெனு; பி, சி, டி பிடித்தால் சோதனைப் பக்கம். சாக்கெட் உள்ள போர்டில் இது ஐந்து நிமிட வேலை. பின்னாளைய சிறிய போர்டுகளில் பயோஸ் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். பழக்கமில்லாத கை 40 கால் சிப்பை உருவினால் தடத்தோடு பெயர்ந்து வரும். முன்பே மாற்றிய போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதே லாபம்.

கார்ட்ரிட்ஜ்: அசலும் போலியும்

எம்விஎஸ் கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்றில் 'சிஎச்ஏ' என்றும் மற்றதில் 'ப்ரோக்' என்றும் எழுதியிருக்கும். முதலாவதில் உருவப் படங்கள், எழுத்துப் படங்கள், ஒலி நிரல். இரண்டாவதில் ஆட்ட நிரலும் பதிவு செய்த குரல்களும். இது தெரிந்தால் பாதிப் பழுதைக் கார்ட்ரிட்ஜைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். எழுத்து சரியாக வந்து வீரர்கள் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தால் சிஎச்ஏ பலகையின் முனைகளில் அழுக்கு. இசை வந்து குரலும் மேளமும் வரவில்லையென்றால் ப்ரோக் பலகை. ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். மணல் கலந்த மை அழிப்பான், உப்புத்தாள் எல்லாம் முனையின் பூச்சையே எடுத்துவிடும்.

அசலா என்று அறிய கார்ட்ரிட்ஜைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் விலை உயர்ந்த ஆட்டத்தை வாங்காதீர்கள். அசல் பலகையில் எஸ்என்கே பெயர் அச்சாகியிருக்கும், சிப்புகளின் மேல் அந்த ஆட்டத்தின் எண் இருக்கும். மெட்டல் ஸ்லக்கிற்கு 201, தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98க்கு 242, மெட்டல் ஸ்லக் 3க்கு 256. இரண்டு பலகைகளிலும் ஒரே எண் வர வேண்டும். பெயர் சுரண்டப்பட்ட சிப்புகள், பலகை முழுக்க ஜன்னல் வைத்த ஈப்ராம்கள், கையால் இழுத்த கம்பிகள் இருந்தால் போலி. ஆனால் சில அசல்களிலும் நிரல் சிப் மட்டும் ஈப்ராமாக இருப்பதுண்டு. அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் '161 இன் 1' போலிக் கார்ட்ரிட்ஜை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சில ஆட்டங்களில் படமும் ஒலியும் பிசகுகின்றன, பட்டியலின் ஒரு பகுதி ஒரே ஆட்டத்தின் திருத்திய வடிவங்கள். பல ஆட்டங்கள் ஒரே கார்ட்ரிட்ஜில் வேண்டும் என்றால் டார்க்சாஃப்ட் அல்லது நியோஎஸ்டி தரமானவை, விலையும் அதற்கேற்ப. நியோஎஸ்டியில் ஆட்டத்தை மாற்றும்போது எழுதி முடிக்கக் காத்திருக்க வேண்டும்.

அசலில் தொடங்க தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரிசையின் 96, 97, 98 பொருத்தம். ஜப்பானில் ஏராளமாக விற்றவை என்பதால் அங்குள்ள யாஹூ ஏலத் தளத்தில் எப்போதும் கிடைக்கும், விலையும் நியாயம். மெட்டல் ஸ்லக் முதல் பாகம், நியோ டர்ஃப் மாஸ்டர்ஸ், பல்ஸ்டார் ஆகியவை எம்விஎஸ்ஸிலும் விலை கூடியவை. போலிகள் குவிவதும் அங்கேதான். ஆட்டம் மட்டும்தான் வேண்டும், பலகையும் சால்டரும் வேண்டாம் என்பவர்கள் பழைய வன்பொருளைப் போலவே சிப்பில் இயங்கிக் காட்டும் மிஸ்டர் எஃப்பிஜிஏ கருவியில் நியோ ஜியோவை ஓட்டினால் போதும். மிக நன்றாகவே ஓடுகிறது.

ஜப்பானிலிருந்து இடைத்தரகர் சேவை வழியாக வரவழைக்கும்போது பொதி அமைப்பைப் பற்றி ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். கார்ட்ரிட்ஜை ஸ்லாட்டில் செருகியபடி அனுப்பக் கூடாது. வழியில் ஆடும் அந்த எடை ஸ்லாட்டின் சால்டர் இணைப்புகளை விரிசல்விடச் செய்யும். போர்டு தனியாக, நிலைமின் தடுப்புப் பையில், வளையாத அட்டை மேல் வர வேண்டும். கார்ட்ரிட்ஜ் தனிப் பெட்டியில் வரட்டும்.